நாள் எண்ணும் சிநேகிதனோடு: திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கத்துத் தச்சன் ஒருவன் எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து சிநேகிதன். கணையத்தில் வந்த புற்றுநோய்க் கட்டி ஈரலுக்கும் பரவிவிட்டது என்று ஒரு ஆனி மாதம் தெரிந்தது. தை மாதம் வரை இருந்தான். அவனுக்குப் பிறகு, தீராத நோயின் வேதனையைக் குறைக்க வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் குழு ஒன்றுடன் நானும் சில வீடுகளுக்குப் போய்வருகிறேன். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. கூடப் போய் உட்காருகிறவன், அவ்வளவுதான். கிளம்பும்போது வாசல் வரை வந்து, நோயாளியின் காதில் விழாத தூரத்தில், அவருடைய நண்பர்கள் என்னிடம் கேட்பவை கீழே இருக்கின்றன. மருந்து பற்றி நான் சொல்வதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் தடவை பார்க்கப் போகிறேன். போய் என்ன பேச?

நான் முதல் நாள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எல்லாம் சரியாயிரும்" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "லேய், நீ என்ன, ஆஸ்பத்திரிக்கு ஆளு பாக்க வந்த மாதிரி வந்திருக்க?" என்றான். அதற்குப் பிறகு அரை மணி நேரம் இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த தடவை வெறுங்கையோடு போனேன். எங்கள் வீட்டு அடுக்களைக் கதவு மழைக்கு இறுகி, திறக்க மாட்டாமல் இழுத்துப் பிடிக்கிறது, என்ன செய்ய என்று கேட்டேன். அவன் தலையணையைச் சுவரில் சாய்த்து நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்ன தடி? ஆஞ்சிலியா, பிலாவா? கீழ பிடிக்குதா, மேலயா?" இருபது நிமிடம் பேசினான். மழைக் காலத்தில் மரம் ஈரம் குடித்து ஊதும், இப்போது இழைத்தால் கோடையில் விரல் போகிற அளவு இடைவெளி விடும், அதனால் கை வைக்காதே என்பது சாராம்சம். அந்த இருபது நிமிடமும் அவன் தச்சனாக இருந்தான். அந்த வீட்டுக்கு வந்த மற்ற எல்லோருக்கும் அவன் நோயாளி.

அதனால் நோயைப் பற்றிக் கேட்காமலே இருந்துவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள், "இன்னைக்கு" என்ற சொல் முக்கியம். பொதுவாக "எப்படி இருக்க?" என்று கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்? கேட்டுவிட்டு அவனிடம் உண்மையிலேயே யோசனை கேட்கக்கூடிய ஒரு விஷயத்தை எடுங்கள். விவசாயியிடம் வாழைக்கன்றைப் பற்றி, வண்டி ஓட்டினவரிடம் மைலேஜைப் பற்றி, டீச்சரிடம் உங்கள் பிள்ளையின் கணக்குப் பாடத்தைப் பற்றி. பொய்யாகக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவனுக்கு முழு விஷயமும் தெரியாது. சொல்லக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பாக இருக்கிறார்கள். நான் என்ன செய்ய?

நான் போன வீடுகளில் முக்கால்வாசியில் இதுதான் கதை. என் அனுபவத்தில், தெரியாது என்று வீட்டார் நினைக்கிற ஆட்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். உடம்பு அவர்களுடையது; எடை குறைவது தெரியாதா? திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போன கார் பாதி வழியில் எதற்கு அத்தனை அமைதியாக இருந்தது என்பது தெரியாதா? வீட்டுக்காரர்கள் வருத்தப்படுவார்களே என்று அவர்களும் தெரியாத மாதிரி நடிப்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு நாடகம்.

நீங்களாகப் போய் உடைக்க வேண்டாம், அந்த உரிமை உங்களுக்கு இல்லை. ஆனால் அவன் கேட்டால் பொய்யும் சொல்ல வேண்டாம். என்னவன், அந்தத் தச்சன், ஒருநாள், "லேய் மக்கா, அடுத்த ஓணத்துக்கு நான் இருப்பேனா?" என்று கேட்டான். "நீ என்ன நெனக்க?" என்று திருப்பிக் கேட்டேன். "இந்த ஓணம் போதும்" என்றான். நானும் சரி என்றேன். பிறகு அந்த ஓணத்துக்கு என்ன பாயசம் வைப்பது என்று பேசினோம், அடைப்பிரதமனா பாலடையா என்று. அவன் மனைவியிடம் அன்று மாலையே நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரு பாரம் இறங்கினது முகத்தில் தெரிந்தது. அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை.

வலியில் துடிக்கிறவனிடம் சந்தோஷம் என்று பேச வாய் வருமா?

வராது. அதனால் முதலில் வலியைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு மருத்துவமனையில் "இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று ஃபைலைக் கையில் கொடுத்தார்கள். அது பாதி உண்மை. கட்டியைக் கரைக்கத்தான் வழியில்லை. வலியையும் வாந்தியையும் மூச்சுத் திணறலையும் குறைக்க நிறைய செய்ய முடியும். அதற்குத்தான் பாலியேட்டிவ் சிகிச்சை என்று பெயர். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் ஆதரவு சிகிச்சையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம், 104-க்கு அழைத்தும் கேட்கலாம். நமக்கு எல்லை தாண்டினால் கேரளம். வீட்டுக்கே போய்ப் பார்க்கும் இந்தச் சிகிச்சையில் அவர்கள் முன்னோடிகள். 2003-ல் தொடங்கிய பாலியம் இந்தியா அமைப்பு திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது.

மார்ஃபின் என்றதும் வீட்டில் ஒரு அமைதி விழும். "அது கடைசிக்குக் கொடுக்கிறதுல்லா?", "கொடுத்தா சீக்கிரம் போயிருவான்", "பழக்கமாயிரும்" என்று மூன்று பயம். வலிக்குத் தக்க அளவில் டாக்டர் பார்த்துக் கொடுக்கும்போது இது ஆளைக் கொல்லும் மருந்து இல்லை, போதைக்கு அடிமையாவதும் மிக அரிது. 1985-ன் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல வருஷம் இந்த மாத்திரை கிடைப்பதே பாடாக இருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் வைத்துக்கொள்வதை எளிதாக்கினார்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் நாலு மணி நேரம்தான் நிற்கும். வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருந்தால் அவன் நாள் முழுக்க வலியைத் துரத்திக்கொண்டே இருப்பான். டாக்டர் சொன்ன மணிக்குச் சரியாகக் கொடுத்துவிட வேண்டும். என் செல்போனில் ஆறு, பத்து, ரெண்டு, ஆறு, பத்து என்று அலாரம் வைத்திருந்தேன். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பெரும்பாலும் அது அடங்கிவிடும்.

மலச்சிக்கல் அடங்காது. மார்ஃபின் சாப்பிடுகிறவர்களுக்கு அது கிட்டத்தட்ட நிச்சயம், அதற்கான மருந்தும் கூடவே எழுத வேண்டும். எழுதாவிட்டால் கேட்டு வாங்குங்கள். சிரிக்காதீர்கள், அவன் முகத்தை வாட வைத்ததில் கட்டிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். வயிறு சுத்தமான நாளில் அவன் பாடினான்.

எந்த நேரம் போவது நல்லது?

நம் ஊரில் பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரம் குறிப்போம். நோயாளிக்கும் ஒரு நல்ல நேரம் உண்டு, அது ஆளுக்கு ஆள் மாறும். ஒரு வாரம் கவனித்து எழுதினால் பிடித்துவிடலாம். என்னவனுக்குப் பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை. பத்து மணி மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்திருக்கும், குளித்த அசதியும் போயிருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் வேறு ஆள்: முகம் சுண்டி, எல்லாரிடமும் எரிந்து விழுவான். உறவுக்காரர்கள் வேலை முடிந்து சரியாக அந்த நேரத்துக்குத்தான் வருவார்கள். "அவன் ரொம்ப மோசமாயிட்டான்" என்று ஊரில் பேச்சு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அரை மணி நேரம் போதும். மாதத்துக்கு ஒரு முறை நாள் முழுக்க உட்காருவதைவிட வாரம் இரண்டு முறை அரை மணி நேரம் மேல். நாளைக் குறித்துவிடுங்கள். "செவ்வாயும் சனியும் வருவேன்" என்றால் திங்கட்கிழமையிலிருந்தே அவனுக்கு ஒரு எதிர்பார்ப்பு இருக்கும். வர முடியவில்லை என்றால் போனிலாவது சொல்லுங்கள்.

சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரி கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் நாலு மாதம் இருக்கிறது. தாங்குவானா?

ஏன் நாலு மாதம் காத்திருக்க வேண்டும்? சித்ரா பௌர்ணமி அன்று மேற்கே சூரியன் விழ, கிழக்கே நிலா எழுவதைப் பார்க்க முக்கடல் கூடும் இடத்தில் கால் வைக்க இடமிருக்காது. ஆனால் பௌர்ணமி என்றாலே சூரியன் சாய்கிற நேரத்தை ஒட்டித்தான் நிலா கிளம்பும், எந்த மாதமானாலும் சரி. அடுத்த பௌர்ணமிக்குப் போங்கள்.

நாங்கள் புரட்டாசிப் பௌர்ணமிக்குப் போனோம். கூட்டத்துக்குள் போகாமல், கரையோரம் கடல் தெரிகிற இடத்தில் காரை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, அவனை முன் சீட்டில் சாய்த்து உட்கார வைத்தோம். சூரியன் அழகாகப் போனது. நிலா வரவில்லை. கிழக்கே ஒரு பெரிய மேகம். முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "டிக்கெட் பைசாவத் திருப்பிக் கேளுலே" என்றான். திரும்பும் வழியில், சுசீந்திரம் தாண்டும்போது வண்டிக் கண்ணாடியில் நிலா தெரிந்தது. யாரும் கேட்காமலே டிரைவர் தம்பி வண்டியை ஓரம் கட்டினான்.

வேறு எங்கெல்லாம் கூட்டிப்போகலாம்?

கன்னியாகுமரியில் பாறைக்குப் படகில் போகிற ஆசையைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். 1970-ல் கட்டிய விவேகானந்தர் மண்டபம், 2000 ஜனவரி 1-ல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலை, 2024 டிசம்பர் கடைசியில் திறந்த, இரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம், எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் வரிசை, வெயில், படகில் ஏறி இறங்கும் ஆட்டம், அப்புறம் படிகள். நன்றாக நடமாடுகிற கட்டத்தில் இருந்தால், வாரநாளில், முதல் படகுக்கு முயலலாம். இல்லையென்றால் கரையிலிருந்தே வள்ளுவர் தெரிவார், அவர் உயரத்துக்கு அது ஒரு வசதி.

எனக்குப் பிடித்த இடம் சொத்தவிளை. கடலை ஒட்டியே சாலை போகிறது, வண்டியை விட்டு இறங்க வேண்டாம். முட்டத்துக்குக் காலையில் போங்கள். பாறைப் பக்கம் இறங்க வேண்டாம், மேலே நின்றாலே காற்று வரும். திற்பரப்பில் குளிக்க வைக்க முயலாதீர்கள். பாறை வழுக்கும், விடுமுறை நாளில் தள்ளுமுள்ளு வேறு. சாரல் முகத்தில் படுகிற தூரத்தில் ஒரு நாற்காலி போட்டால் போதும். பத்மநாபபுரம் அரண்மனை என்னவனுக்குக் கோயில் மாதிரி, அந்த மரவேலைக்காக. போக முடியவில்லை. உள்ளே நடையும் குறுகலான மரப்படிகளும் அவன் உடம்புக்கு ஆகாது. அதற்குப் பதில் நான் போய், தூண், உத்தரம், கதவுத் தாழ் என்று செல்போனில் படம் பிடித்து வந்து காட்டினேன். ஒவ்வொரு படத்துக்கும் "இன்னும் கிட்டத்துல எடுத்திருக்கலாம்" என்று திட்டு.

மாத்தூர் தொட்டிப்பாலம் அவன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் வாய்க்கால் போகிற பாலம், 1966-ல் கட்டியது. சின்ன வயதில் அதன் மேல் ஓடி அடி வாங்கியிருக்கிறோம். கார்த்திகையில் ஒரு நாள் கூட்டிப்போனேன். மேல் பக்கச் சாலை வழியாகப் போனால் கீழேயிருந்து அந்தப் படிகளை ஏற வேண்டியதில்லை. பத்தடி நடந்தான். காற்று தள்ளியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே தென்னந்தலைகளைப் பார்த்துவிட்டு, "போதும், வா" என்றான். மொத்தம் நாலு நிமிடம் இருக்கும். வீட்டுக்கு வந்து நாலு மணி நேரம் தூங்கினான். எழுந்ததும் மனைவியிடம் அந்த நாலு நிமிடத்தை ஒரு மணி நேரம் சொன்னானாம்.

போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டியவை: அடுத்த வேளை மாத்திரையும் கூடுதலாக ஒரு வேளையும், வாந்திக்கு ஒரு கவர், துண்டு, மாற்றுச் சாரம் (கைலி), தண்ணீர், மருத்துவச் சீட்டு. போகிற வழியில் சுத்தமான கழிப்பறை எங்கே என்று முன்பே பார்த்து வையுங்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்கு மேல் திட்டம் போடாதீர்கள். பாதியில் "திரும்பலாம்" என்றால் ஏன் என்று கேட்காமல் திரும்பிவிடுங்கள்.

அவனுக்குப் பிடித்ததையெல்லாம் செய்துகொண்டு போகிறேன். தொடக்கூட மாட்டேன் என்கிறான். மனசு வலிக்கிறது.

நமக்கு அன்பு என்றால் சாப்பாடு. அதனால்தான் வலிக்கிறது. ஆனால் நோய் முற்றும்போது பசி குறைவது உடம்பின் போக்கு. அவன் சாப்பிடாததால் நோய் முற்றவில்லை, நோய் முற்றுவதால் சாப்பிட முடியவில்லை. வற்புறுத்தி ஊட்டினால் வாந்தியும் வயிற்று உப்புசமும்தான் மிச்சம்.

நாக்கு ருசி மாறிவிடும். கீமோ எடுத்தவர்களில் சிலருக்கு எல்லாமே இரும்பு மாதிரி இருக்கும். சூடான குழம்பின் வாடையே குமட்டும், ஆறின பண்டத்தில் வாடை குறைவு. கிண்ணத்தில் ரெண்டு ஸ்பூன் வையுங்கள், தட்டு நிறைய வைத்தால் பார்த்ததுமே பயந்துவிடுவான். நம் மட்டிப்பழம் இதற்கென்றே வந்த மாதிரி. சின்னது, மெத்தென்று இருக்கும், நல்ல மணம். பிள்ளைகளுக்கு முதல்முதலாக ஊட்டுகிற பழமும் அதுதானே. 2023-ல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று படித்துக் காட்டினேன். "அதுக்கு முன்னால இது மட்டி இல்லையாமா?" என்று கேட்டான்.

மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) சாளைமீன் கறியும் அவன் உயிர். ஐப்பசியில் ஒரு மழை நாள், கேட்டான். அவன் அம்மா மயக்கிய கிழங்கும், தேங்காய் அரைத்து, குடம்புளி போட்ட கறியும் வைத்தாள். கிழங்கில் நெல்லிக்காய் அளவு எடுத்து, கறியில் தொட்டு, வாயில் வைத்து, வெகுநேரம் வைத்திருந்து, துப்பிவிட்டான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அம்மா, கறி கொள்ளாம்" என்றான், நன்றாயிருக்கிறது என்று. மீதியை எங்களைச் சாப்பிடச் சொல்லி, ஒவ்வொரு உருண்டையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மூன்றாவது தடவையும் வைக்கச் சொன்னான். அன்று அந்த வீட்டில் நன்றாகச் சாப்பிட்டது அவன்தான் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.

அக்கானி (பதநீர்), கருப்பட்டிக் காபி, ஒரு மடக்கு பிராந்தி?

முதல் இரண்டும், சர்க்கரை நோய் இல்லையென்றால், தாராளமாக. மூன்றாவதை டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். மார்ஃபினும் தூக்க மாத்திரையும் ஓடும்போது மது சேர்வது ஆபத்து.

சாகப்போகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பது தப்பில்லையா? வீட்டுக்கு வந்ததும் ஒரு மாதிரி இருக்கிறது.

கலைவாணர் பிறந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா?

எங்கள் கூட்டம் நாலு பேர். பள்ளிக்கூடக் காலம் தொட்டு இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் விளையாடுகிறோம். கட்டிலில் பலகை போட்டு, சனிக்கிழமை தோறும் மூன்று கை. அதற்குமேல் அவனுக்குச் சீட்டைப் பிடிக்க வலுவிருக்காது. குலான், அதாவது ஜாக், கையில் வந்தால் அவன் புருவம் ஏறும், நாற்பது வருஷமாக ஏறுகிறது, நாற்பது வருஷமாக அதை வைத்தே நாங்கள் அவனைத் தோற்கடிக்கிறோம். ஒரு சனிக்கிழமை புருவம் ஏறியது, எல்லோரும் பாஸ் சொன்னோம். கையில் குலானே இல்லை. சும்மா ஏற்றியிருக்கிறான். நாற்பது வருஷமாக எங்களுக்கு ஒன்று தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது, இந்த ஒரு நாளுக்காகச் சேமித்து வைத்திருக்கிறான். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் வந்து, மனைவி ஓடிவந்து, எங்களைத் திட்டி, விஷயம் கேட்டு, அவளும் சிரித்தாள்.

எதைச் சொல்லிச் சிரிப்பது என்பதை அவன் தீர்மானிக்கட்டும். சாவைப் பற்றி அவன் கிண்டல் செய்தால் கூடச் சிரியுங்கள். நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து ஒரு மாதிரி இருப்பது இருக்கத்தான் செய்யும். நான் பலநாள் தக்கலை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல், ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவேன்.

படம், வீடியோ எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். மெலிந்த முகத்தைப் பலருக்குப் பிடிக்காது. கையை எடுக்கலாம், குரலைப் பதிவு செய்யலாம். குரல்தான் முதலில் மறந்துபோகிறது, இதை நான் பிந்தித்தான் தெரிந்துகொண்டேன். ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

நான் சவுதியில் இருக்கிறேன். லீவு கிடைக்கவில்லை.

நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராத வீடு குறைவு. இரண்டரை மணி நேர வித்தியாசத்தைக் கணக்குப் பண்ணி, அவன் நல்ல நேரத்துக்கு அழையுங்கள். நீங்கள் டியூட்டி முடிந்து அழைக்கும்போது இங்கே அவன் சுருண்டு கிடப்பான். வீடியோ அழைப்பைவிடக் குரல் செய்தி நல்லது என்பது என் எண்ணம். அவன் வேண்டும்போது கேட்பான், மறுபடியும் கேட்பான், முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டியதில்லை. எங்கள் நாலாவது ஆள் தம்மாமில்தான் இருந்தான். சைட்டில் அரபிக்காரன் திட்டியது, கேம்பில் சாம்பார் தீய்ந்தது என்று தினமும் இரண்டு நிமிடம் அனுப்புவான். ஒன்றில்கூட "உடம்பு எப்படி" என்று கேட்டதில்லை. அவன் ஒரு மாத லீவில் வந்தபோதுதான் இருபத்தெட்டுக்கு நாலு பேர் சேர்ந்தோம். மற்ற சனிக்கிழமைகளில் அவன் இடத்தில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி.

ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்றால், உயிரோடு இருக்கும்போது வாருங்கள். அடக்கத்துக்கு வர லீவைச் சேமிக்காதீர்கள்.

சொந்தக்காரர்கள் நேர்ச்சை, ஜெபம், ஒற்றமூலி நாட்டு மருந்து என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

மண்டைக்காட்டில் பொங்கல், கோட்டாறு சவேரியாருக்கு மெழுகுவர்த்தி, தக்கலை பீரப்பா தர்காவில் ஓதிய தண்ணீர். என்னவனுக்கு மூன்றும் நடந்தது, மூன்றையும் அவன் ரசித்தான். அவை யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. ஆனால் மார்ஃபினை நிறுத்தினால்தான் என் மருந்து வேலை செய்யும் என்று யாராவது சொன்னால், வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். பெருந்தொகை கேட்கிறவருக்குக் காபியும் வேண்டாம்.

வர வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

வலி இருக்கலாம், வெட்கம் இருக்கலாம், உண்மையிலேயே தனியாக இருக்கத் தோன்றியிருக்கலாம். திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, "சனிக்கெழம வாறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சனிக்கிழமை போங்கள்.

அவன் மனைவிக்கு நான் என்ன செய்ய முடியும்?

தூங்க விடுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லும்மா" என்று சொல்கிறவர்கள் நூறு பேர், அவள் யாரிடமும் கேட்க மாட்டாள். "தங்கச்சி, ரெண்டு மணி வரைக்கும் நான் இருக்கேன், நீ போய்க் கிட" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். மின்சாரக் கட்டணம், ரேஷன், பிள்ளையின் டியூஷன், இவற்றில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, நீங்கள் எல்லோரும் இல்லாத நேரமும் அவர்களுக்கு வேண்டும். நல்ல நேரம் முழுவதையும் நண்பர்களே தின்றுவிடக் கூடாது. எங்கள்மேல் அவளுக்கு அந்த வருத்தம் இருந்தது, பிறகுதான் சொன்னாள். செவ்வாய்க்கிழமையை அன்றே விட்டுக்கொடுத்திருக்கலாம்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

போகலாம். என்ன பார்க்கப் போகிறார்கள் என்று முன்பே சொல்லிக் கூட்டிப்போங்கள். என் மகள் குழாயையெல்லாம் பார்த்துவிட்டு, "மாமா, இது எதுக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெரியவர்கள் யாரும் கேட்காத கேள்விகள். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான்.

கணக்கு வழக்கு, சொத்து இதெல்லாம் நான் பேசலாமா?

அவன் எடுத்தால் மட்டும். என்னவனுக்குப் பெரிய சொத்தெல்லாம் இல்லை. தன் உளிகளையும் இழைப்புளியையும் கட்டிலுக்குக் கொண்டுவரச் சொல்லி, கூட வேலை பார்த்த பையனை உட்கார வைத்து, எதை எந்தக் கோணத்தில் தீட்ட வேண்டும் என்று மூன்று காலைப் பொழுது சொல்லிக்கொடுத்தான். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஏழு மாதத்தில் எனக்குப் பிடித்த மூன்று காலைகள் அவை. என்னிடம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேச்சு நின்றுவிட்டது. இனி போய் என்ன பிரயோஜனம்?

காது கேட்கக்கூடும் என்றுதான் நர்ஸுகள் சொல்வார்கள். அதனால் அந்த அறையில் அடக்கச் செலவைப் பற்றிப் பேசாதீர்கள். வாய் வறண்டிருக்கும். தண்ணீர் ஊற்றினால் புரையேறும்; பஞ்சை நனைத்து உதட்டையும் வாயின் உள்பக்கத்தையும் துடைத்துவிடலாம். மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் கரகரப்பு கேட்கும். பார்க்கிற நமக்குத்தான் அது பயம், பெரும்பாலும் அவர்களுக்கு அதில் வேதனை இருக்காது என்று எங்கள் குழு டாக்டர் சொல்வார். மூச்சுத் திணறினால் முகத்துக்கு நேரே லேசாகக் காற்று வருகிறபடி விசிறியைத் திருப்புங்கள், ஜன்னலைத் திறங்கள்.

பிறகு, வழக்கம்போல் பேசுங்கள். நான் தம்மாம்காரனின் குரல் செய்திகளைப் பழசிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். சாம்பார் தீய்ந்த கதைக்கு அவன் புருவம் அசைந்தது என்று நான் சொன்னேன். மனைவி இல்லை என்றாள். பையன் ஆமாம் என்றான்.

கடைசி நேரத்தில் நான் பக்கத்தில் இல்லை. அதை எப்படித் தாங்குவது?

நானும் இல்லை. அன்று செவ்வாய்க்கிழமை, என் முறை. காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தேன். அவனுக்குப் புதிதாக ஒரு பாயும் ரப்பர் விரிப்பும் வாங்க மார்த்தாண்டம் போனேன், போன இடத்தில் போன் வந்தது. கடைக்காரர் விரிப்பைப் பில் போட்டுக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போதும் அது வீட்டுப் பரணில் இருக்கிறது. நர்ஸ் ஒருவர் சொன்னார், கட்டிலைச் சுற்றி ஆள் இருக்கும்வரை இருந்துவிட்டு, எல்லோரும் காபி குடிக்கப் போன ஐந்து நிமிடத்தில் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறாராம். ஏன் என்று அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த மாசியில் ஒரு நாள் அடுக்களைக் கதவு சத்தமில்லாமல் திறந்தது. அவன் சொன்ன மாதிரியே மரம் காய்ந்து பிடிப்பு விட்டிருந்தது. பங்குனி, சித்திரை முழுக்க ஒரு விரலால் தள்ளினால் போதும். ஆனியில் மழை பிடித்ததும் மறுபடியும் இறுகிவிட்டது. அந்தப் பையன் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம், "அண்ணே, ரெண்டு இழைப்பு இழைச்சு விட்டிரட்டா?" என்று கேட்கிறான். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.